தோல் நோய்: மருத்துவரை நாடுவது எப்போது, ஏன்?

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலத்தின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது அத்திபெலே. தமிழ் மக்கள் இதனை அத்திப்பள்ளி என்று வழங்குவர். எல்லையைக் கடந்தால் ஜூஜூவாடியும் ஓசூரும் தமிழ்நாட்டில் உள்ளன. பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், ஒருபுறம் தொழிற்பேட்டையாகவும் மறுபுறம் காய்கறியும் மலரும் விளையும் வேளாண் பகுதியாகவும் விளங்குகிறது. பட்டறைகள், கட்டடப் பணிகள், சரக்குந்துகள், பூந்தோட்டங்கள் ஆகியவற்றை நம்பிக் கன்னடம், தமிழ், தெலுங்கு பேசும் மக்களோடு வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் இங்கு வாழ்கின்றனர்.

இத்தகைய ஊரில் ஒரு தொழிலாளிக்கு உடம்பில் அரிப்போ படையோ தோன்றினால் அவர் முதலில் செல்லும் இடம் மருத்துவமனை அன்று. மருந்துக் கடையே ஆகும். இதில் வியப்பில்லை. மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். மருந்துக் கடையிலோ, சில பத்து ரூபாய்க்கு ஒரு களிம்புக் குழாய் கிடைக்கிறது. இரண்டே நாளில் அரிப்பும் அடங்கிவிடுகிறது. தோல் நோய் கண்ணுக்குத் தெரிவது. ஆதலால் அதனை எவரும் அடையாளம் கண்டுகொள்ளலாம் என்ற எண்ணமும் மக்களிடையே வேரூன்றியுள்ளது.

ஆனால், கண்ணுக்குத் தெரிவது வேறு. இன்னதென அறிவது வேறு. ஒரே மாதிரியாகத் தோன்றும் இரண்டு வெளிறிய திட்டுகளுள் ஒன்று தீங்கற்ற தேமலாகவும் மற்றொன்று தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். சிவந்து அரிக்கும் இரண்டு படைகளுள் ஒன்றைக் குணப்படுத்தும் மருந்தே மற்றொன்றை வளர்த்துவிடும். சில தோல் நோய்கள் மாதக்கணக்கில் காத்திருக்கும். சிலவற்றுக்கு மூன்று நாட்களே கெடு. இன்னும் சிலவற்றுக்குச் சில மணி நேரந்தான். இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது, உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு உடல்நலத்தைப் போலவே பொருளாதார நலனையும் சார்ந்ததாகும்.

தோலின் பணி

மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு தோலே. வயது வந்தவரின் தோலை விரித்தால் அதன் பரப்பு ஏறக்குறைய 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். உடலின் நீர் வற்றாமல் காப்பது, வெப்பத்தைச் சீராக வைப்பது, நோய்க் கிருமிகளைத் தடுப்பது, தொடு உணர்வையும் வலியையும் மூளைக்கு உணர்த்துவது ஆகிய பணிகளை அது இடையறாது செய்து வருகிறது. இதன் மேலடுக்கு சுமார் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக் கொள்கிறது. எனவேதான், சிறு கீறலும் வியர்க்குருவும் தாமாகவே மறைகின்றன. சில வாரங்களாகியும் ஒரு புண்ணோ திட்டோ மறையவில்லையெனில், தோலின் இயல்பான சீரமைப்பை மீறிய ஒரு காரணம் அங்கே இருக்கிறது என்பது பொருள். அக்காரணத்தைக் கண்டறிவதே தோல் மருத்துவரின் பணியாகும்.

படர்தாமரையும் களிம்புக் குழாயும்

அத்திபெலே போன்ற தொழிற்பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் தோல் நோய்களுள் ஒன்று படர்தாமரை. இது ஒருவகைப் பூஞ்சையால் உண்டாவது. வியர்வை, இறுக்கமான உடை, ஒரே அறையில் பலர் தங்குதல், துண்டையும் சோப்பையும் பகிர்தல் ஆகியவை இது பரவ வழி செய்கின்றன. தொடையிடுக்கிலோ இடுப்பிலோ வட்ட வடிவில் தோன்றி, ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிந்து, வெளிப்புறமாக விரிந்துகொண்டே செல்வது இதன் இயல்பு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பட்டறையில் பணிபுரியும் ஒருவர் இத்தகைய படைக்கு மருந்துக் கடையில் ஒரு களிம்பை வாங்குகிறார். அதில் பூஞ்சையை அழிக்கும் மருந்து, நுண்ணுயிர்க் கொல்லி, வீரியம் மிக்க ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் அழற்சியை விரைவாக அடக்குவன. எனவே சிவப்பும் அரிப்பும் இரண்டு நாட்களில் தணிகின்றன. ஆனால், அழற்சி என்பது பூஞ்சைக்கு எதிராக உடல் நடத்தும் போராட்டமே. அப்போராட்டத்தை ஸ்டீராய்டு அடக்கியதும் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியவுடன் அரிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. அவர் மீண்டும் அதே களிம்பை நாடுகிறார். சில மாதங்களில் படை வயிறு, முதுகு, முகம் என விரிகிறது; மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பரவுகிறது. அதன் உருவமும் மாறிப்போவதால் மருத்துவரே அடையாளம் காணத் தடுமாறும் நிலை ஏற்படுகிறது. தொடையிடுக்கின் மெல்லிய தோல் நைந்து, பிரசவத் தழும்பு போன்ற நிலையான வரிகள் விழுகின்றன. படை குணமான பின்னரும் இவ்வரிகள் மறைவதில்லை.

முகத்தில் இத்தகைய களிம்பைப் பூசுவது இன்னும் தீங்கானது. நிறம் வெளுக்கும் என்ற நம்பிக்கையில் இளம் பெண்களும் ஆண்களும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மாதக்கணக்கில் பூசி வருகின்றனர். தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, பருக்கள் மிகுந்து, களிம்பை நிறுத்தினால் முகம் எரியும் நிலை உண்டாகிறது. இந்திய தோல் மருத்துவர் சங்கம் இதற்கெனத் தனிப் பணிக்குழு அமைத்து விழிப்புணர்வுப் பணி செய்து வருகிறது. 2018ஆம் ஆண்டு மத்திய அரசு, வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்னும் அட்டவணையின் கீழ்க் கொண்டுவந்தது. எனினும், சட்டம் முழுப்பயன் தர வேண்டுமெனில் வாங்குவோரும் சீட்டின்றிக் கேட்காதிருத்தல் வேண்டும்.

இதன் விளைவு ஒரு குடும்பத்தோடு நின்றுவிடுவதில்லை. வழக்கமான மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத புதியதொரு படர்தாமரைப் பூஞ்சை நம் நாட்டில் பரவியுள்ளது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்றவர்களிடம் கண்டறியப்பட்ட இதற்கு, 2020ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே எனப் பெயரிட்டனர். பின்னர் ஐரோப்பா, அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளிலும் இது காணப்பட்டுள்ளது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் முறையற்ற பயன்பாடும், அரைகுறையாக நிறுத்தப்படும் சிகிச்சையும் இதன் பரவலுக்குத் துணைசெய்தன என வல்லுநர்கள் கருதுகின்றனர்.

இந்நோயைக் கண்டறியப் பெரும் செலவு தேவையில்லை. படையின் ஓரத்தைச் சற்றே சுரண்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், சிறிது நேரத்தில் பூஞ்சை இழைகள் தெரிந்துவிடும். அதன்பின் எந்த மருந்து, எத்தனை வாரம், வீட்டில் யார் யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அரிப்பு நின்ற பின்னரும் மருத்துவர் குறித்த நாள் வரை மருந்தைத் தொடர்வது இன்றியமையாதது.

குடும்பம் முழுவதையும் பற்றும் மற்றொரு நோய் சிரங்கு எனப்படும் சொறி. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணி ஒன்று தோலைத் துளைத்து முட்டையிடுவதால் இது உண்டாகிறது. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளங்களும், இரவில் மிகும் அரிப்பும் இதன் அடையாளம். வீட்டில் இருவருக்கு மேல் இரவில் அரிப்பு இருந்தால் இதனை ஐயுறல் வேண்டும். அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி உடன் வாழும் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டால்தான் இது ஒழியும். உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

உணர்வற்ற திட்டு

அரிக்கும் நோய் மனிதரை மருந்து தேட வைக்கிறது. அரிக்காத நோயே பெரிதும் அஞ்சத்தக்கது. தொழுநோயின் தொடக்கத்தில் வலியோ அரிப்போ இருப்பதில்லை. வெளிறிய அல்லது சற்றே சிவந்த ஒரு திட்டு தோன்றும். அவ்விடத்தில் தொடு உணர்வு குறைந்திருக்கும். வியர்வையும் முடியும் குறையலாம். துன்பம் தராததால் அது மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமலே விடப்படுகிறது.

1873ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒரு முறை இரட்டிப்பாக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகின்றன. எனவே கிருமி புகுந்து நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகளும், சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகலாம். இது நரம்புகளைத் தாக்குகிறது. வேலூரில் 1940களின் இறுதியில் பணியாற்றத் தொடங்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை; வலி உணர்வு அற்றுப்போனதால் அறியாமல் படும் சூடும் காயமும் சீழுமே அவற்றைச் சிதைக்கின்றன என்பதை விளக்கினார். சூடான இரும்பையும் கூர்மையான தகட்டையும் கையாளும் பட்டறைத் தொழிலாளிக்கும், அடுப்படியில் நிற்கும் இல்லத்தரசிக்கும் இதன் பொருள் எளிதில் விளங்கும்.

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு தேசிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவற்றைக் கொண்ட கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததைத் தொடர்ந்து, 1983இல் அது தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டமாக வளர்ந்தது. 2005ஆம் ஆண்டு இறுதியில் நோயாளர் விகிதம் நாடளவில் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. இது பெரும் சாதனையே. எனினும் நோய் அற்றுவிட்டது என்று இதற்குப் பொருளன்று. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 2023ஆம் ஆண்டில் இவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

தோலில் காணும் திட்டெல்லாம் தொழுநோய் என அஞ்சுவது தேவையற்றது. மார்பிலும் முதுகிலும் வரும் தேமல், தோலில் இயல்பாகவே வாழும் ஒரு பூஞ்சையால் உண்டாவது. சுரண்டினால் மெல்லிய பொடியாக உதிரும். தொடு உணர்வு குறையாது. சிறுவர் முகத்தில் தோன்றும் வெளிறிய திட்டுகளும் பெரும்பாலும் தீங்கற்றவையே. பால் போல் வெளுக்கும் வெண்புள்ளி நோய்க்கும் தொழுநோய்க்கும் தொடர்பே இல்லை. அது தொற்றுவதும் இல்லை. அதற்குக் குஷ்டம் என்ற பெயரை ஒட்டி வழங்கியது பிழையான பழக்கமாகும். இவற்றைப் பிரித்தறிய மருத்துவர் மேற்கொள்ளும் முறை எளிமையானது. நோயாளியின் கண்ணை மூடச் செய்து, பஞ்சுத் திரியால் திட்டைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார். முழங்கையிலும் முழங்காலின் பக்கத்திலும் ஓடும் நரம்புகள் தடித்துள்ளனவா என விரலால் தடவிப் பார்ப்பார்.

சிகிச்சை 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சை தொடங்கியதும் நோய் பிறருக்குப் பரவும் தன்மை விரைவில் அற்றுவிடும். நோயாளி வீட்டிலிருந்தே பணிக்குச் செல்லலாம். தாமதத்தால் நரம்பு செயலிழந்துவிட்டால் மருந்து கிருமியை அழிக்குமேயன்றி, இழந்த உணர்வை முழுவதும் மீட்டுத் தருவதில்லை. இங்கே காலம் என்பது கை விரல்களுக்குச் சமமானது.

தொழிலும் தோலும்

சிமெண்டுக் கலவையில் வேலை செய்யும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கைகளில் வெடிப்பும் கரப்பானும் வருவது வழக்கம். சிமெண்டின் காரத்தன்மை ஒரு காரணம். அதிலுள்ள குரோமியம் உப்பு உண்டாக்கும் ஒவ்வாமை மற்றொரு காரணம். ஐரோப்பிய நாடுகள் 2005ஆம் ஆண்டு முதல் சிமெண்டில் இவ்வுப்பின் அளவுக்கு வரம்பு விதித்துள்ளன. கடைசல் இயந்திரங்களில் பயன்படும் குளிர்விப்பு எண்ணெய், பிசின்கள், ரப்பர் கையுறை, நிக்கல் ஆகியவையும் தொழிற்சாலைகளில் தோல் அழற்சியை உண்டாக்குவன. வார விடுமுறையில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மீளும் கரப்பான், தொழிலால் வந்தது என்பதற்கு வலுவான சான்றாகும்.

வேளாண் பகுதியில் உள்ளவர்களுக்கு மற்றுமொரு பகை உண்டு. பெங்களூரைச் சூழ்ந்த தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் வெண்ணிறச் சிறு பூக்களோடு அடர்ந்து வளரும் பார்த்தீனியம் என்னும் களை அது. 1950களின் நடுவில் புனேயில் கவனத்துக்கு வந்த இக்களை, பின்னர் நாடெங்கும் பரவியது. கர்நாடகத்தில் இதனை மக்கள் காங்கிரஸ் செடி என்பர். இதிலுள்ள பார்த்தெனின் என்னும் பொருள், நுண்ணிய முடிகளோடும் உலர்ந்த தூசியோடும் காற்றில் பறந்து, ஒவ்வாமை உடையவரின் இமை, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் கடும் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வெயில் பட்டாலே எரியும் நிலைக்கும் சிலர் ஆளாகின்றனர். செவ்வந்திப் பூவும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால், பார்த்தீனிய ஒவ்வாமை உடையவர் சிலருக்குச் செவ்வந்தி பறிப்பதும் தொடுப்பதும் நோயைத் தூண்டிவிடும். மலர்ச் சாகுபடி மிகுந்த ஆனேக்கல், ஓசூர் வட்டாரத்தில் இது கருத்தில் கொள்ளத்தக்க செய்தியாகும். இக்களையை உண்ணும் வண்டு ஒன்று 1983இல் மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டு, 1984இல் பெங்களூரில் வெளியிடப்பட்டது. அது நிலைபெற்றுப் பரவியபோதிலும் களை முற்றிலும் ஒழியவில்லை.

காரணம் எது என உறுதிசெய்ய ஒட்டுச் சோதனை என்னும் முறை உள்ளது. ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, மறுபடியும் ஓரிரு நாளில் பார்வையிடுவர். எந்தப் பொருள் ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து தடிக்கிறதோ அதுவே குற்றவாளி. பார்த்தீனியம், குரோமியம், நிக்கல், தலைச்சாயத்திலுள்ள வேதிப்பொருள் ஆகியவை இந்தியாவுக்கென வகுக்கப்பட்ட சோதனைத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. காரணம் தெரியாதவரை எத்தனை களிம்பு பூசினும் நோய் மீண்டும் மீண்டும் வரும். காரணம் தெரிந்தபின், கையுறையை மாற்றுவதாலோ பிரிவை மாற்றிக் கேட்பதாலோ வேலையை விடாமலே நலம் பெறலாம்.

1948ஆம் ஆண்டு தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், பணியால் நேரும் தோல் நோய்களைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. எனவே, இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி, தம் தோல் நோய் வேலையோடு தொடர்புடையது எனக் கருதினால் அதனை மருத்துவரிடம் எடுத்துக்கூறி, மருத்துவக் குறிப்பில் பதிவு செய்யக் கேட்பது அவருக்குப் பாதுகாப்பாகும்.

அக்கியும் மூன்று நாள் கெடுவும்

உடலின் ஒரே பக்கத்தில், பட்டைபோல வரிசையாகக் கொப்புளங்கள் எழுந்து எரிச்சலும் குத்தலும் தருவது அக்கி. தமிழ்நாட்டிலும் எல்லைப்புறச் சிற்றூர்களிலும் குயவரிடம் சென்று செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கொப்புளங்கள் இரண்டு மூன்று வாரங்களில் தாமாகவே ஆறிவிடுவதால் இவ்வழக்கத்தின்மீது நம்பிக்கை நிலைத்துவிட்டது.

ஆனால் அக்கி என்பது, முன்பு சின்னம்மை வந்தபோது உடலில் புகுந்து நரம்பு முடிச்சில் உறங்கிக்கிடந்த வைரஸ் மீண்டும் விழித்தெழுவதால் நேர்வதாகும். கொப்புளம் ஆறினாலும், முதியோர் பலருக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் நீடித்து உறக்கத்தைக் கெடுக்கும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் மிகுந்த பயன் கிடைக்கும். நெற்றி, இமை, மூக்கின் நுனி ஆகிய இடங்களில் அக்கி வந்தால் கண் பார்வைக்கே ஆபத்து நேரலாம். காவி எழுதிக்கொண்டு மூன்று நாள் காத்திருப்பவர், மருந்து சிறப்பாகப் பயன்படும் காலத்தை இழந்துவிடுகிறார்.

உள்நோயைக் காட்டும் கண்ணாடி

உடலின் உள்ளே நிகழும் கோளாறுகளைத் தோல் முன்கூட்டியே அறிவிப்பதும் உண்டு. பிடரியிலும் அக்குளிலும் கருத்துத் தடித்து வெல்வெட்டுப் போல் ஆகும் தோல், நீரிழிவு நோய்க்கான வாய்ப்பைச் சுட்டும். அடிக்கடி வரும் கட்டிகளும், ஆறாத சேற்றுப்புண்ணும், பிறப்புறுப்பில் மீண்டும் மீண்டும் வரும் வெண்படையும் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்கின்றன. முடி மிகுதியாகக் கொட்டுவது இரத்தசோகையாலோ தைராய்டு கோளாறாலோ இருக்கலாம். மூக்கின் இருபுறமும் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவந்து, வெயிலில் மிகுந்து, மூட்டு வலியுடன் வரும் தடிப்பு, சிறுநீரகத்தையும் தாக்கக்கூடிய நோயின் அறிகுறியாகலாம். அழகு நிலையத்திலும் தைலக் கடையிலும் இவற்றுக்கு விடை கிடைக்காது.

எத்தனை நாளில் செல்ல வேண்டும்?

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், காலத்தை அளவுகோலாகக் கொண்டு பின்வருமாறு வகுக்கலாம்.

உடனடியாக, இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை: புதிதாக ஒரு மருந்து உட்கொள்ளத் தொடங்கிய நாட்களில் காய்ச்சலுடன் உடலெங்கும் தடிப்பு எழுந்து, வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவை புண்ணாவது, தோல் கொப்புளித்து உரிவது, காணாக்கடியோடு உதடு, நாக்கு வீங்கி மூச்சுத் திணறுவது, கால் சிவந்து வீங்கி, வலியும் குளிர்காய்ச்சலும் விரைந்து ஏறுவது.

மூன்று நாட்களுக்குள் செல்ல வேண்டியவை: அக்கி, உடலின் பெரும்பகுதியில் பரவிய கொப்புளங்கள், பச்சிளங்குழந்தையின் சீழ்க் கொப்புளம், தொழுநோய்ச் சிகிச்சையில் உள்ளவருக்குத் திட்டுகள் திடீரெனச் சிவந்து வீங்குவது, நரம்பு வலிப்பது, கையிலோ காலிலோ புதிதாக வலுக்குறைவது. பிறப்புறுப்பில் தோன்றும் புண்ணும் இவ்வகையைச் சேர்ந்ததே. வெட்கத்தால் அதனை மறைப்பது, துணைவருக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் தீங்கு விளைக்கும்.

இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் செல்ல வேண்டியவை: உணர்வு குறைந்த எந்தத் திட்டும், விரிந்துகொண்டே செல்லும் படை, வீட்டில் பலருக்கும் உள்ள அரிப்பு, வேலையோடு கூடிக் குறையும் கரப்பான், வெள்ளிச் செதில் உதிரும் தடிப்பு, மாதக்கணக்கில் ஆறாத புண், குறிப்பாகப் பழைய தீத்தழும்பில் தோன்றிய புண், நிறமும் வடிவமும் மாறிவரும் மச்சம், உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகத் தோன்றிய கரும்புள்ளி. தழும்பை விட்டுச்செல்லும் முகப்பருவும் காத்திருக்கத் தக்கதன்று.

எங்கே செல்வது?

தோல் மருத்துவர் என்போர், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பின் தோல், பால்வினை, தொழுநோய் ஆகிய மூன்றும் அடங்கிய துறையில் மேற்படிப்பு முடித்தவர். அரசு மருத்துவமனைகளில் இத்துறை இப்பெயராலேயே வழங்குகிறது. பால்வினை என்ற சொல்லைக் கண்டு அங்குச் செல்லத் தயங்க வேண்டியதில்லை.

முதற்படி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அங்கேயே கிடைக்கும். அத்திபெலே மக்களுக்கு ஆனேக்கல் அரசு மருத்துவமனை உள்ளது. அத்திபெலேயை அடுத்த யடவனஹள்ளியில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று இயங்குகிறது. பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனையும் பௌரிங் மருத்துவமனையும் தோல் நோய்ப் பிரிவுகள் கொண்டவை. எல்லைக்கு அப்பால் ஓசூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பயணம் இயலாதோர்க்கு, மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை 2020 முதல் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டுள்ளது. ஆயினும், உணர்வுச் சோதனையும் நரம்புச் சோதனையும் நேரில் கைகொண்டு செய்ய வேண்டியவை.

ஒரு நாள் கூலியைச் செலவிட்டுச் செல்லும் அப்பயணம் பயனுற, சிலவற்றைக் கருத்தில் கொள்ளலாம். அதுவரை பயன்படுத்திய களிம்புகளின் காலிக் குழாய்களையும் மாத்திரை அட்டைகளையும் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். அன்று காலை எண்ணெய், மஞ்சள், களிம்பு எதையும் நோயுற்ற இடத்தில் பூசலாகாது. அவை நோயின் இயல்பான தோற்றத்தை மறைக்கும். காணாக்கடி போல் வந்து மறையும் தடிப்பாயின், தோன்றும்போதே கைபேசியில் படமெடுத்து வைப்பது உதவும். செய்யும் தொழில், கையாளும் பொருள், வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்பு உண்டா என்பவற்றைக் கேளாமலே கூறிவிட வேண்டும்.

சமுதாயத்தின் பொறுப்பு

தனி மனிதரின் விழிப்பு மட்டும் போதாது. சீட்டின்றி ஸ்டீராய்டு களிம்பு விற்பதில்லை என்ற உறுதி மருந்துக் கடைக்காரர்களிடம் ஏற்பட வேண்டும். தொழிற்சாலை நிருவாகம், கையுறையும் நீரும் சோப்பும் அளிப்பதோடு, ஆண்டு மருத்துவச் சோதனையில் தோலையும் பார்வையிடச் செய்தல் நன்று. ஆஷா பணியாளர், வீடு தேடி வரும்போது திட்டு இருக்கிறதா என்று மட்டுமன்றி, அங்கே உணர்வு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் வந்து உழைப்போர் தம் மொழியில் இச்செய்திகளை அறிய வகை செய்ய வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு களையும் பணியில் ஊராட்சியும் பள்ளியும் தொழிற்சாலையும் இணைந்து ஈடுபடலாம். அப்பணியின்போது கையுறையும் முழுக்கை உடையும் தேவை.

மருந்துக் கடையின் களிம்பு மலிவானதாகத் தோன்றுகிறது. ஆறு மாதம் வாங்கிய களிம்பின் விலையும், குடும்பம் முழுவதும் நோயுற்ற செலவும், இழந்த வேலை நாட்களும் கூட்டப்படும்போதுதான் அதன் உண்மை விலை புலப்படும். தொழுநோய்த் திட்டைப் பொறுத்தவரையோ அவ்விலை பணத்தால் கணக்கிடத்தக்கதே அன்று. உரிய காலத்தில் மருத்துவர் முன் நீட்டிய கை, உழைக்கும் கையாகவே நீடிக்கும்.